புறப்படும்போதே விழும் சிறு விமானங்கள்: வன்னியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு விமானம் ஒன்று ஓடுபாதையை விட்டு எழுந்த கையோடு விழுந்துவிட்டது என்று செய்தி வரும்போதெல்லாம், கிளிநொச்சிப் பக்கத்தில் தொழில்நுட்பப் பாடம் படிக்கிற பிள்ளைகளும் அவர்களுடைய பெற்றோரும் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். செய்தியில் "தொழில்நுட்பக் கோளாறு காரணமாக இருக்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியை எழுதுவதற்கு எந்த விசாரணையும் தேவையில்லை. அதனால்தான் அது உடனே வந்துவிடுகிறது. வந்த கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் இங்கே தருகிறேன். சிறு விமானம் என்று சொல்வது, பெரும்பாலும் ஒற்றை இயந்திரமும் இரண்டு முதல் ஆறு இருக்கைகளும் உள்ள செஸ்னா போன்றவற்றை.

வன்னிக்கும் சிறு விமானத்துக்கும் என்ன சம்பந்தம்? எங்களுக்கு இது எதற்கு?

எங்கள் தலைமுறைக்கு விமானச் சத்தம் என்றால் கிபிர் போர் விமானம், இல்லையென்றால் "வண்டு" என்று நாங்கள் பெயர் வைத்த வேவு விமானம். சத்தம் கேட்டால் வானத்தைப் பார்ப்பதற்கு முன் பதுங்குகுழியைத் தேடிய கண்கள் இவை. இன்றைக்கு வவுனியாவிலும் இரணைமடுவிலும் உள்ள ஓடுபாதைகள் விமானப்படையிடம் இருக்கின்றன. வடக்கே பலாலி 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. தெற்கே இரத்மலானையில் விமானப் பயிற்சி நடக்கிறது. அங்கே போக வேண்டும் என்று உயர்தரம் எழுதிய பிள்ளைகள் விசாரிக்கிறார்கள். இவ்வளவு சம்பந்தம் போதும் என்று நினைக்கிறேன்.

ஏன் புறப்படும்போதே விழுகிறது? பறந்துகொண்டிருக்கும்போது விழுந்தால் அல்லவா ஆபத்து அதிகம்?

தலைகீழான எண்ணம். விமானத்துக்கு உயரமும் வேகமும்தான் கையிருப்பு. ஐயாயிரம் அடியில் இயந்திரம் நின்றால் விமானிக்குப் பல நிமிடங்கள் இருக்கின்றன. இடம் தேடலாம், எரிபொருள் வால்வை மாற்றிப் பார்க்கலாம், வானொலியில் பேசலாம். முந்நூறு அடியில் நின்றால் அரை நிமிடம்கூட இல்லை. அந்த நேரத்தில் எரிபொருள் தாங்கிகள் நிறைந்து விமானம் அதன் மிகக் கூடிய எடையில் இருக்கும், மூக்கு மேலே பார்த்திருக்கும், வேகம் பறப்பதற்குத் தேவையான அளவை அப்போதுதான் தாண்டியிருக்கும், இயந்திரம் முழுப் பலத்தில் ஓடிக்கொண்டிருக்கும். இந்த நான்கும் ஒன்றாகச் சேருகிற வேறு கட்டம் பறப்பில் இல்லை.

உண்மையில் நடந்த ஒரு விபத்தை எடுத்து, காரணம் என்ன என்று சொல்ல முடியுமா, சேர்?

1996 ஏப்ரல் 11, அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஷெயன் நகரம். அதையே எடுக்கிறேன். அந்த விபத்தில் எந்தக் கருவியும் பழுதாகவில்லை என்பதுதான் அதைத் தேர்ந்ததற்குக் காரணம்.

ஜெசிகா டுப்ரோஃப் என்ற ஏழு வயதுச் சிறுமி. கலிபோர்னியாவின் ஹாஃப் மூன் பேயிலிருந்து நாட்டைக் குறுக்காகக் கடந்து மாசச்சூசெட்ஸ் மாநிலம் வரை "விமானம் ஓட்டிப்" போகிறாள் என்று பெரிய விளம்பரம். நான்கு இருக்கைகள் கொண்ட செஸ்னா 177பி விமானம். முன் இடப்பக்கத்தில் சிறுமி, வலப்பக்கத்தில் பயிற்றுநர் ஜோ ரீட், பின்னால் தகப்பன் லோயிட். சட்டப்படி விமானி ரீட் மட்டும்தான். முதல் நாள் பறப்பு ஷெயனில் முடிந்தது. அடுத்த நாள் காலை அங்கே இடிமுகில் நெருங்கிக்கொண்டிருந்தது. மழை. காற்று வீசிவீசி அடித்தது. பார்வைத்தூரம் மூன்று மைலுக்குக் கீழே இறங்கிவிட்டதால் சிறப்பு அனுமதி பெற்றுத்தான் புறப்பட வேண்டியிருந்தது. சற்று முன் புறப்பட்டுப் போன இரட்டை இயந்திர செஸ்னாவின் விமானி, தாழ்வான உயரத்தில் காற்றுவேகம் பதினைந்து நொட் (மணிக்கு ஏறக்குறைய 28 கிலோமீற்றர்) வரை கூடியும் குறைந்தும் ஆட்டுகிறது என்று சொன்ன செய்தியையும் கட்டுப்பாட்டுக் கோபுரம் தெரிவித்தது. ரீட் புறப்பட்டார்.

காலை 8.24. விமானம் எழுந்தது, மந்தமாக ஏறியது, வலப்பக்கம் திரும்பியது. திரும்பும்போதே வேகம் குறைந்து, இறக்கை தூக்குவிசையை இழந்து, குடியிருப்புத் தெரு ஒன்றில் விழுந்தது. மூவரும் இறந்தார்கள்.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை விசாரித்தது. கட்டுப்பாடுகள் ரீட்டின் கையில்தான் இருந்தன, சிறுமியின் கையில் அல்ல என்று கண்டது. விமானம் அனுமதிக்கப்பட்ட எடையைவிட 96 இறாத்தல், ஏறக்குறைய 44 கிலோ, கூடுதலாக இருந்தது. ஷெயன் விமான நிலையம் கடல்மட்டத்திலிருந்து 6156 அடி உயரத்தில் இருக்கிறது. ரீட் பழகியதோ கடற்கரை ஓரத்து விமான நிலையத்தில். இவற்றோடு, கெட்டுக்கொண்டிருந்த வானிலைக்குள் புறப்படுவதென்று எடுத்த முடிவும், வேகத்தைக் காக்கத் தவறியதும்தான் காரணம் என்று சபை எழுதியது. அதற்கு மேலும் ஒன்று சொன்னது: இந்த முடிவுக்குத் தூண்டுதலாக இருந்தவை நெருக்கிப் போட்ட பயண அட்டவணையும், ஊடகங்களுக்குக் கொடுத்திருந்த வாக்கும். அடுத்த ஊரில் கமெராக்கள் காத்திருந்தன.

அதே ஆண்டு ஒக்டோபரில், உரிமம் இல்லாத சிறுவர்களைச் சாதனைக்காக விமானம் ஓட்ட வைப்பதைத் தடுக்கும் சட்டம் அமெரிக்காவில் வந்தது. நல்லது. ஆனால் விமானத்தை ஓட்டியவர் பெரியவர், அனுபவசாலி. பலரும் இந்த விபத்தைச் "சிறுமி ஓட்டி விழுந்த விமானம்" என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

வெறும் 44 கிலோவுக்கா ஒரு விமானம் விழும்?

44 கிலோ தனியாக நின்று எதையும் விழுத்தவில்லை. அந்த விமானத்தின் உச்ச எடை 2500 இறாத்தல். மேலதிகம் நான்கு வீதம்கூட இல்லை. கடல்மட்டத்தில், குளிர்ந்த காலையில், எதிர்க்காற்றில் அது எழுந்து போயிருக்கும். பாரம் கூட என்பதே யாருக்கும் தெரிந்திருக்காது. கூடுதல் பாரத்தோடு பத்து முறை பறந்து ஒன்றும் நடக்காதவர்தான் பதினோராவது முறை நடுங்காமல் புறப்படுகிறார். பாரத்தோடு உயரம் சேர்ந்தது, மழை சேர்ந்தது, காற்றாட்டம் சேர்ந்தது, அதற்குள் ஒரு திருப்பம் சேர்ந்தது. ஒவ்வொன்றும் விமானத்தின் கையிருப்பிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டது.

பாரம் எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் முக்கியம். உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றினால், மேட்டில் ஏறும்போது இயந்திரத்தின் முன்சில்லு நிலத்தை விட்டுக் கிளம்புவதை நாங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அப்போது ஸ்ரியரிங்கை எந்தப் பக்கம் வெட்டினாலும் பயனில்லை. விமானத்தில் ஈர்வை மையம், அதாவது மொத்த எடையும் சமநிலை கொள்ளும் புள்ளி, எல்லையைத் தாண்டிப் பின்னால் போனாலும் இப்படித்தான்: மூக்கு தானாக உயர்கிறது, விமானி முன்னால் தள்ளியும் அது இறங்க மறுக்கிறது.

2001 ஓகஸ்ட் 25 அன்று பஹாமாஸ் தீவுகளின் மார்ஷ் ஹார்பரிலிருந்து புறப்பட்ட செஸ்னா 402பி விழுந்ததில் அமெரிக்கப் பாடகி ஆலியா உட்பட ஒன்பது பேர் இறந்தார்கள். ஆட்களும் படப்பிடிப்புச் சாமான்களும் சேர்ந்து எடை ஏறக்குறைய 700 இறாத்தல் அதிகம். ஈர்வை மையம் பின் எல்லைக்கு வெளியே. சிறு விமானத்தில் ஏறும்போது "உங்கள் எடை எவ்வளவு?" என்று கேட்டால் கோபப்படாதீர்கள். நான்கு கிலோ குறைத்தும் சொல்லாதீர்கள்.

வன்னி மலைநாடு அல்ல. எங்கள் வெயில் விமானத்தை என்ன செய்யும்?

இதைக் கேட்டவர் முள்ளியவளை மாணவர் ஒருவர். நல்ல கேள்வி, கணக்காகவே செய்யலாம்.

விமானத்துக்கு உயரம் என்றால் மீற்றர்க் கம்பு காட்டும் உயரம் அல்ல, காற்றின் அடர்த்தி. சூடான காற்று விரிந்து ஐதாகிறது. வவுனியா கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 அடியில் இருக்கிறது. அந்த உயரத்துக்கு விமானக் கணக்கில் வைத்துக்கொள்கிற நியம வெப்பநிலை 14.4 பாகை செல்சியஸ். பிற்பகலில் 36 பாகை அடிக்கிறது என்று வையுங்கள், வித்தியாசம் 21.6. ஒவ்வொரு பாகைக்கும் 120 அடி கூட்டுவது விமானிகளின் கைக்கணக்கு. ஏறக்குறைய 2600 வருகிறது, அதனோடு 300. ஆக, வவுனியாவில் தரையில் நிற்கிற விமானம் சுமார் 2900 அடி உயரத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்கிறது. இதை அடர்த்தி உயரம் என்கிறோம். ஆயிரம் அடிக்கு மூன்று வீதம் என்று இயந்திரத்தின் பலம் குறையும், ஓட வேண்டிய தூரம் ஆயிரம் அடிக்குப் பத்து வீதம் என்று கூடும். அதாவது பலம் ஒன்பது வீதம் குறைவு, ஓட்டம் முப்பது வீதம் அதிகம். காற்றில் ஈரப்பதன் மிகுந்திருந்தால் இன்னும் கொஞ்சம் மோசம்.

காரணங்கள் கூட்டப்படுவதில்லை, பெருக்கப்படுகின்றன. பிரித்தானிய விமானப் போக்குவரத்து அதிகார சபை தனியார் விமானிகளுக்குக் கொடுக்கும் பெருக்கிகள் சில: எடை பத்து வீதம் கூடினால் 1.2, வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் 1.1, ஈரப்புல் ஓடுபாதை என்றால் 1.3, எழும்பும் வேகத்தில் பத்து வீதம் அளவுக்குப் பின்காற்று இருந்தால் 1.2. நான்கையும் பெருக்கிப் பாருங்கள், 2.06 வரும். 300 மீற்றரில் எழும்பும் விமானத்துக்கு 620 மீற்றர் தேவைப்படும். அதற்கு மேல் பாதுகாப்புக்காக 1.33 ஆல் பெருக்கச் சொல்கிறார்கள். 820 மீற்றர் ஆகிவிடும். சோளகம் அடிக்கிற நாளில், ஓடுபாதையின் மறுமுனை வரை தரையில் ஓட்டிப் போக அலுப்புப்பட்டு, பின்காற்றோடு புறப்படுகிற விமானி இந்தக் கணக்கைப் போடாதவர்.

பெற்றோலில் தண்ணீர் கலந்தால் எங்கள் மோட்டார் சைக்கிள் அடித்து அடித்து நிற்கும். விமானத்திலும் அப்படித்தானா?

மாங்குளத்தில் இயந்திரம் திருத்துகிற ஒருவர் கேட்டது. ஆம், அண்ணை, அதே கதைதான். விமானத்தை வீதியோரம் நிறுத்த முடியாது என்பது மட்டும் வித்தியாசம்.

தண்ணீர் இரண்டு வழியில் வருகிறது. தாங்கி மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் மழைநீர் நேரே இறங்கும். தாங்கியைப் பாதி வெறுமையாக இரவில் விட்டால் உள்ளே இருக்கிற ஈரக்காற்று குளிர்ந்து நீராகப் படியும். தண்ணீர் பெற்றோலைவிடப் பாரமானது. தாங்கியின் அடியில் போய்க் கிடக்கும். அதனால்தான் இறக்கையின் அடியில் சிறு வடிகால் வால்வுகள் வைத்திருக்கிறார்கள். செஸ்னா 172எஸ் வகையில் மொத்தம் பதின்மூன்று இடங்களில் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒளி ஊடுருவும் ஒரு சிறு குவளை, நடுவில் ஒரு முள். முள்ளை வால்வில் அழுத்தினால் எரிபொருள் குவளைக்குள் இறங்கும். அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். சிறு விமானங்களுக்கான '100 எல்எல்' எரிபொருளுக்கு இளநீலச் சாயம் போட்டிருப்பார்கள். அடியில் நிறமில்லாத குமிழ் உருண்டால் அது தண்ணீர்.

பழகாதவர் ஏமாறுவது இங்கேதான். குவளை முழுவதும் தண்ணீராகவே இருந்தால் இரண்டு திரவங்களுக்கு இடையிலான கோடு தெரியாது. ஒரே திரவம், சுத்தமாக இருக்கிறது, சரி என்று கொட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நிறம் பார்க்க வேண்டும், மணக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ஒரு துளியைப் புறங்கையில் விட வேண்டும். பெற்றோல் குளிர்ந்து உடனே பறந்துவிடும், தண்ணீர் நிற்கும்.

எரிபொருள் வால்வை மூடிய நிலையில் விட்டுவிட்டுப் புறப்பட்ட கதைகளும் உண்டு. குழாயிலும், எரிபொருளைக் காற்றோடு கலக்கும் காபரேற்றரின் கிண்ணத்திலும் மிச்சம் இருக்கிற எரிபொருள் ஓடுபாதை வரை போகவும், சில வேளை தரையை விட்டு எழும்பவும்கூடப் போதும். சரியாக வேண்டாத உயரத்தில் தீர்ந்துபோகும்.

காபரேற்றருக்குள் பனி கட்டும் என்கிறார்களே. இந்த வெயிலிலா?

இந்த வெயிலிலும்தான். எரிபொருள் ஆவியாகும்போதும் காற்று ஒடுங்கிய வழியால் விரையும்போதும் உள்ளே வெப்பநிலை இருபது பாகைக்கு மேலாக விழக்கூடும். மாரிகாலத்தில் வெளியே 27 பாகையும் காற்று நிறைய ஈரமும் இருந்தால் பனி கட்டுவதற்கு வசதியான நிலை அது. முழுப் பலத்தில் ஓடும்போது வாய்ப்புக் குறைவு. குறைந்த பலத்தில் தரையில் நெடுநேரம் காத்து நின்றுவிட்டு, காபரேற்றருக்குச் சூட்டுக் காற்றை அனுப்பும் நெம்பை இழுத்துப் பார்க்காமல் புறப்படுவதுதான் ஆபத்து.

இயந்திரம் நின்றவுடன் திரும்பி வந்து அதே ஓடுபாதையில் இறங்கினால் என்ன?

உயிர் தப்பக்கூடிய இடத்தில் உயிர் போவது இந்த ஆசையால். இயந்திரம் நின்ற விமானம் உடனே விழுவதில்லை. செஸ்னா 172 ஒவ்வொரு அடி இறங்கும்போதும் ஒன்பது அடி முன்னால் சறுக்கிப் போகும். ஐந்நூறு அடியில் இருந்தால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீற்றர் கையில் இருக்கிறது. நேராகப் போனால்.

திரும்பினால் கணக்கு மாறுகிறது. சறுக்கும் வேகம் 65 நொட். 30 பாகை சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரை கிட்டத்தட்ட 200 மீற்றர். அரை வட்டம் முடியும்போது ஓடுபாதைக்கு நேராக வந்திருக்க மாட்டீர்கள், 400 மீற்றர் பக்கத்தில் இருப்பீர்கள். அதைச் சரிசெய்ய இன்னும் திரும்ப வேண்டும். அதற்குள் உயரம் போய்விடும். சரி, கடுமையாகச் சாய்க்கலாம் என்றால், 45 பாகையில் விமானம் விழாமல் நிற்பதற்கான குறைந்தபட்ச வேகம் 19 வீதம் கூடுகிறது. 60 பாகையில் 41 வீதம். நேர்ப்பறப்பில் 50 நொட்டில் தூக்குவிசை இழக்கிற விமானம், 60 பாகைச் சாய்வில் 70 நொட்டிலேயே இழக்கும். 65 நொட்டில் சறுக்கிக்கொண்டிருப்பவருக்கு இது நேரே மரணம். நிலம் கிட்டே வருகிறது என்று விமானி தன்னை அறியாமல் கைப்பிடியைப் பின்னால் இழுப்பார். அது வேகத்தை இன்னும் குறைக்கும். ஒரு இறக்கை முதலில் விழும், விமானம் சுழலும். அந்த உயரத்தில் மீட்க இடமில்லை.

ஒருவேளை திரும்பி வந்தே சேர்ந்தாலும், புறப்படும்போது எதிர்க்காற்றாக இருந்தது இப்போது பின்காற்று. தொடுகிற வேகம் அதிகம். ஆகவே பயிற்சியில் சொல்வது ஒன்றே: மூக்கை இறக்கு, வேகத்தைக் காப்பாற்று, முன்னால் கொஞ்சம் இடமோ வலமோ கிடைக்கிற இடத்தில் இறங்கு. விமானம் உடையும். உடையட்டும், காப்புறுதிக்காரர் பார்த்துக்கொள்வார்.

வன்னியில் அப்படி இறங்க இடம் இருக்கிறதா?

காடும் பனையும் தவிர்த்தால் வயல்தான். அறுவடை முடிந்து காய்ந்த வயல் நல்லது, ஆனால் வரம்பு சில்லைத் தட்டிக் கவிழ்க்கும். வரம்புக்கு இணையாக இறங்க வேண்டும். நீர் நிற்கிற வயலில் மூக்குச் சில்லு புதைந்து தலைகுப்புற விழலாம். ஏ9 வீதி மேலிருந்து பார்க்க ஆசையாக இருக்கும். மின்கம்பிகளும் பஸ்களும் கிட்டே போனபிறகே தெரியும்.

விமானம் எழும்பவே இல்லை, ஓடுபாதையைத் தாண்டி ஓடியது என்று சில செய்திகள். அது எப்படி?

பாரம், வெயில், நீளம் போதாமை ஆகியவற்றை ஏற்கெனவே சொல்லிவிட்டேன். இன்னொன்று, பூட்டு. நிறுத்தி வைத்திருக்கும்போது இறக்கையிலும் வாலிலும் அசைகிற செட்டைகளைக் காற்று அடிக்காமல் இருக்கக் கட்டுப்பாட்டுக்கு ஒரு பூட்டுப் போடுவார்கள். சிறு செஸ்னாக்களில் ஒரு ஊசியும் சிவப்புத் தகடும்தான். அதை எடுக்க மறந்து புறப்பட்டவர்கள் இருக்கிறார்கள். 1935 ஒக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங் நிறுவனத்தின் 'மொடல் 299' என்ற பெரிய குண்டுவீச்சு விமானம் எழுந்த உடனே செங்குத்தாக ஏறி விழுந்தது. ஓட்டியவர்கள் தேர்ந்த சோதனை விமானிகள். வால்செட்டையின் பூட்டு எடுக்கப்படவில்லை. இன்று விமானிகள் கையில் வைத்து வாசிக்கிற சரிபார்ப்புப் பட்டியல் பரவியதற்கு அந்த விபத்து ஒரு காரணம். புறப்படுமுன் கைப்பிடியை நான்கு பக்கமும் முழுதாக அசைத்துச் செட்டைகளைக் கண்ணால் பார்த்தால் போதும், பத்து விநாடி வேலை.

இருக்கை சரியாகக் கொளுவாமல், எழும்பும்போது தண்டவாளத்தில் பின்னால் வழுக்கிப் போய், விமானி கைப்பிடியையும் சேர்த்து இழுத்த விபத்துகளும் உண்டு.

மயிலாலும் விமானத்துக்கு ஆபத்தா?

சிரிக்காதீர்கள். நாலைந்து கிலோ எடையுள்ள பறவை ஓடுபாதையில் நின்றால் முன்னால் சுற்றுகிற சுழலிக்கும் (புரொப்பெல்லர்) கண்ணாடிக்கும் அது பெரிய அடி. வன்னியில் குளத்துக்குக் குளம் கூழைக்கடாவும் நீர்க்காகமும். மன்னாரில் வங்காலைச் சரணாலயமும் கட்டுக்கரைக் குளமும் வலசைப் பறவைகளால் நிறைந்துவிடும். பறவை மோதல்கள் பெரும்பாலும் தாழ்வான உயரத்தில், புறப்படும்போதும் இறங்கும்போதும் நடப்பவை. காலையிலும் மாலையிலும் ஓடுபாதையை ஒருமுறை வாகனத்தில் ஓடிப் பார்ப்பது வேறெதற்கும் அல்ல. கட்டாக்காலி மாடுகளுக்கும் அதே வைத்தியம்.

கறுப்புப் பெட்டி இல்லாத சிறு விமானத்தில் காரணத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

உலோகம் சாட்சி சொல்லும். சுழலி பலத்தோடு சுற்றிக்கொண்டே நிலத்தில் அடித்திருந்தால் அலகுகள் முறுக்குண்டு முன்னோக்கி வளைந்திருக்கும், குறுக்கே கீறல்கள் விழுந்திருக்கும். நின்ற சுழலி என்றால் ஒரு அலகு சும்மா பின்னால் மடிந்திருக்கும், மற்றது நேராகவே இருக்கும். இயந்திரம் ஓடியதா இல்லையா என்ற பெரிய கேள்விக்கு முதல் பார்வையிலேயே பாதி விடை கிடைத்துவிடுகிறது. எச்சரிக்கை விளக்கின் இழை நீண்டிருந்தால் அடிபட்டபோது அது எரிந்துகொண்டிருந்தது. சூடான இழைதான் நீளும், குளிர்ந்தது ஒடியும். வால்வு எந்த நிலையில், இறக்கையின் பின்விளிம்பில் இறங்குகிற பிளாப் எத்தனை பாகையில், இயந்திரத்தின் தீப்பொறிப் பிளக் கறுத்ததா வெளுத்ததா என்று ஒவ்வொன்றாகப் போவார்கள். கோபுரத்தின் ஒலிப்பதிவு இருக்கிறது. இப்போது அயலவரின் கைபேசிக் காணொளியும் சேர்ந்துவிட்டது. அதில் கேட்கும் சத்தத்தை வைத்தே இயந்திரத்தின் சுழற்சி வேகத்தைக் கணிக்கிறார்கள்.

பிழை யாருடையது என்று விசாரணை சொல்லுமா?

சொல்லாது, சொல்வதும் அதன் வேலை அல்ல. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு இதைத் தெளிவாகவே எழுதியிருக்கிறது: நோக்கம் அடுத்த விபத்தைத் தடுப்பது, பழி சுமத்துவது அல்ல. முதற்கட்ட அறிக்கைக்கு 30 நாட்கள். இறுதி அறிக்கை முடிந்தால் 12 மாதங்களுக்குள். இது சிவில் விமானங்களுக்கு. இராணுவ விமானத்தை அந்தப் படையே விசாரிக்கும். அறிக்கை பொதுமக்கள் கைக்கு வருவது அரிது. 2023 ஓகஸ்ட் 7 அன்று சீனக்குடாவில் விமானப்படையின் பிடி-6 பயிற்சி விமானம் புறப்பட்ட சிறிது நேரத்தில் விழுந்து இரண்டு அதிகாரிகள் இறந்தபோது, அன்று மாலைக்குள் முகநூலில் ஆளுக்கொரு காரணம் எழுதி முடித்துவிட்டார்கள். குடும்பங்களுக்கு உடல் கிடைக்கும் முன்.

மகள் விமானி ஆக வேண்டும் என்று நிற்கிறாள். இதையெல்லாம் வாசித்துவிட்டு அனுப்ப மனம் வருமா?

அனுப்புங்கள். தனியார் விமானி உரிமத்துக்குச் சர்வதேச விதிப்படி குறைந்தது 17 வயது, மருத்துவச் சான்றிதழும் வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் மருத்துவச் சோதனையை முடித்துவிடுங்கள். நிறக்குருடு இருப்பது பாதிப் பணம் கட்டிய பிறகு தெரியவந்தால் வீண்.

பயிற்சிப் பள்ளிக்குப் போனால் விமானங்களின் நிறத்தையும் சீருடையையும் பார்க்காமல் ஒன்றைக் கேளுங்கள்: "மாணவி ஒருத்தி இன்று வானிலை பிடிக்கவில்லை, பறக்கவில்லை என்று சொன்னால் அந்த மணித்தியாலக் காசு என்ன ஆகும்?" அதைப் பிடித்துக்கொள்வோம் என்றால் வேறு பள்ளி பாருங்கள். எடைக் கணக்கு எழுதிய தாளைக் காட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு பறப்புக்கும் புதிதாக எழுதியிருந்தால் நல்லது. எல்லாத் தாளிலும் ஒரே எண் இருந்தால், எழுதியவர் எடை பார்க்கவில்லை. மகளிடமும் ஒன்று சொல்லி அனுப்புங்கள், அம்மா. வெள்ளிக்கிழமை நல்லூருக்குப் போக வேண்டும், மாமா காத்திருக்கிறார், அதற்குள் இந்தப் பறப்பை முடிக்க வேண்டும் என்று வீட்டிலிருந்து நெருக்கக் கூடாது. வீட்டார் நெருக்கினால் "இன்று வேண்டாம்" என்று சொல்ல அவளுக்கு இன்னும் கடினமாகிவிடும்.

எங்கள் வயலில் ஒன்று விழுந்துவிட்டால் என்ன செய்வது?

முதலில் 1990 அம்புலன்ஸ், பிறகு 119 பொலிஸ். ஆட்கள் உயிரோடு இருந்து தீ பிடிக்கும் அபாயம் தெரிந்தால் இழுத்து எடுங்கள். தீ இல்லையென்றால் முதுகெலும்பு முறிந்திருக்கக்கூடும், கழுத்தை அசைக்காமல் அம்புலன்ஸ் வரும்வரை பேசிக்கொண்டு இருங்கள். பக்கத்தில் சுருட்டு, பீடி வேண்டாம். உடைந்த இறக்கையிலிருந்து பெற்றோல் மணிக்கணக்காக ஒழுகும். சிவப்பு மண்டையோட்டுப் பலகை நட்ட பக்கம் என்றால் குறுக்குவழியால் ஓட வேண்டாம். கண்ணிவெடி அகற்றுகிறவர்களை அழையுங்கள்.

சிதறிய துண்டுகளில் கை வைக்காதீர்கள். எங்கள் ஊரில் உலோகம் கண்டால் பழைய இரும்புக்காரரின் தராசு நினைவுக்கு வரும், தெரியும். ஆனால் அரை கிலோ அலுமினியமும் ஒரு பித்தளை வால்வும் போய்விட்டால் விபத்துக்குக் காரணம் கடைசிவரை தெரியாமல் போகலாம். காணொளி எடுத்திருந்தால் முகநூலுக்கு முன் பொலிஸிடம் கொடுங்கள். இன்னொன்று: சிரஸ் போன்ற சில புதிய சிறு விமானங்களில் முழு விமானத்தையும் தாங்கும் பரசூட் ஒன்றை ரொக்கட் மூலம் வெளியே எறியும் ஏற்பாடு இருக்கிறது. விழுந்தபோது அது வெடிக்காமல் இருந்தால், விமான உடலின் பின்பகுதியை வாளால் அறுக்கும்போதோ கம்பியை இழுக்கும்போதோ வெடிக்கக்கூடும். வெளிப்புறத்தில் எச்சரிக்கை ஒட்டி இருக்கும். அந்தப் பக்கம் நிற்காமல் தீயணைப்புப் படையினருக்குக் காட்டிவிடுங்கள்.